மின்கம்பிகளுக்குள் நடக்கும் பேச்சு: ஸ்மார்ட் கிரிட் தகவல் தொடர்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணைமின் நிலையத்தில் ரிலே பேனலுக்கும் (லைனைக் காவல் காக்கும் கருவிகள்) கேரியர் அறைக்கும் (தகவல் தொடர்பு அறை) நடுவே பல வருடம் ஓடியவன் நான். ஸ்மார்ட் மீட்டர் பேச்சு கிளம்பியதிலிருந்து, தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்று கேட்கிறார்கள். மீட்டரில் ஆரம்பித்த கேள்விகள் உக்ரைன் வரைக்கும் போய்விட்டதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கம்பியில் கரண்ட் வருகிறது, விளக்கு எரிகிறது. நடுவில் பேச்சுக்கு என்ன வேலை?

மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டிக் குடோனில் அடுக்க முடியாது. காடம்பாறை மாதிரி நீரேற்று நிலையங்களும் பேட்டரிகளும் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். இந்த விநாடி ஊரெல்லாம் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவையும் இந்த விநாடியே உற்பத்தி செய்தாக வேண்டும். உற்பத்தி கூடிப்போனால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். இந்தியாவில் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நாடு முழுக்க இருக்கிற எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். நாம் மாடியில் அகல் விளக்கோடு நின்ற நேரத்தில், நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. சரிந்ததோடு போகவில்லை, சில நிமிடத்தில் திரும்பவும் ஏறியது. அதிர்வெண் 50.26 வரைக்கும் ஏறி 49.70 வரைக்கும் இறங்கியது. ஆனாலும் கிரிட், அதாவது நாடு முழுக்கப் பின்னிய மின்வலை, விழவில்லை. டெல்லியிலிருந்து மாநில மின்சுமைக் கட்டுப்பாட்டு மையங்கள் வரை முன்கூட்டியே திட்டம் போட்டு, நீர்மின் நிலையங்களை அந்த நேரத்துக்குத் தயாராக நிறுத்தி, நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றி இறக்கினார்கள். அன்றைக்குக் காப்பாற்றியதில் தண்ணீருக்குப் பாதி பங்கு என்றால், பேச்சுக்கு மீதிப் பாதி.

ஸ்மார்ட் கிரிட் என்பது புதுசா, இல்லை பழையதுக்குப் புதுப் பெயரா?

பாதிக்குப் பாதி. ஏதாவது பெரிய துணைமின் நிலையத்தைத் தாண்டிப் போகும்போது, லைன் உள்ளே நுழைகிற இடத்தில் அண்ணாந்து பாருங்கள். மூன்று ஃபேஸ் கம்பிகளில் (கட்டம் என்போம்) ஒன்றிலோ இரண்டிலோ பீப்பாய் மாதிரி ஒன்று தொங்கும், இல்லையென்றால் இன்சுலேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே வெறும் கம்பிச் சுருள்தான். வேவ் டிராப் என்போம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதே கம்பியில் சவாரி செய்து வருகிற பல்லாயிரம் ஹெர்ட்ஸ் சிக்னலை மட்டும் நிலையத்துக்குள் விடாமல் மறித்து, பக்கத்திலுள்ள கப்பாசிட்டர் வழியாகக் கேரியர் அறைக்குத் திருப்பிவிடும். பி.எல்.சி.சி. என்கிற இந்த முறை என் தாத்தா காலத்துச் சரக்கு. லட்சக்கணக்கான வோல்ட் ஓடுகிற அதே கம்பியில்தான் எங்கள் பேச்சும் ஓடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ட்ரோல் ரூம் மேஜையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று வெளியுலகத்துக்கு. இன்னொன்று கேரியர் போன். மழை வந்தால் முதல் போன் செத்துவிடும். இரண்டாவதில் பக்கத்து நிலையத்துக்காரர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கரகரவென்று வரும், ஆனால் வரும்.

புதுசு எதுவென்றால், அந்தப் பேச்சு இறங்கி வந்திருக்கிற தூரம். முன்பு பெரிய நிலையங்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டன. உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் போன் போட்டுத் திட்டினால்தான் தெரியும். இப்போது மாடி சோலார், மின்சார வண்டி, ஸ்மார்ட் மீட்டர் எல்லாம் வந்து, மின்சாரமும் இரண்டு பக்கமும் ஓடுகிறது, தகவலும் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறது. இதைத்தான் ஸ்மார்ட் கிரிட் என்கிறார்கள்.

டவர் உச்சியில் இன்சுலேட்டர் இல்லாமல் ஒரு ஒல்லிக் கம்பி போகிறதே, அது எதற்கு?

அது எர்த் கம்பி. இடி விழுந்தால் கீழே உள்ள மூன்று கட்டங்களுக்கும் பதிலாகத் தான் வாங்கிக்கொண்டு பூமிக்கு இறக்கிவிடும். இப்போது பல லைன்களில் அந்தக் கம்பியின் வயிற்றுக்குள் கண்ணாடி இழைகளை வைத்துவிட்டார்கள். 24 அல்லது 48 இழை இருக்கும். ஓ.பி.ஜி.டபிள்யூ. என்று பெயர். பள்ளம் தோண்ட வேண்டாம், ஜே.சி.பி. வந்து அறுக்கும் பயம் இல்லை, ஒளி என்பதால் பக்கத்துக் கம்பியின் மின்புலம் அதைத் தொந்தரவு செய்வதும் இல்லை. மிச்சமிருக்கிற இழைகளை வாடகைக்கு விட்டு, மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் தனியாகத் தொலைத்தொடர்புத் தொழிலே நடத்துகிறது. நீங்கள் இதைப் படிக்கிற இணையமே ஏதோ ஒரு மின்கோபுரத்தின் தலை வழியாக வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைபரோ 5ஜியோ போட்டுவிட்டால் முடிந்ததே, ஏன் பத்து வகை வலை?

என்னிடம் வருகிற இளம் பொறியாளர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: எவ்வளவு வேகம் என்று கேட்காதே, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கேள். கிரிட்டில் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு ஆயுள் உண்டு. அதைத் தாண்டி வந்தால் அது செத்த சேதி.

ஒரு 400 கே.வி. லைனை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும், பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கிற டிஸ்டன்ஸ் ரிலே காவல் இருக்கிறது. லைனில் மரம் சாய்ந்து பழுது உண்டானால், தன் முனையிலிருந்து சுமார் 80 சதவீத தூரத்துக்குள் என்றால் ரிலே யாரையும் கேட்காமல் உடனே பிரேக்கர் என்கிற பெரிய சுவிட்சைத் திறக்கும். திறப்பது என்றால் கரண்ட்டைத் துண்டிப்பது. கடைசி 20 சதவீதத்தில்தான் சிக்கல். பழுது நம் லைனிலா, அதற்கு அப்பால் அடுத்த நிலையத்திலா என்று ரிலேக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால் 300, 400 மில்லி விநாடி பொறுத்துப் பார்க்கும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்தான். பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும் லைனுக்கு அது நீண்ட சித்திரவதை. எதிர்முனை ரிலேக்கு அந்தப் பழுது பக்கத்தில் இருப்பதால் அதற்குச் சந்தேகமே கிடையாது. "என் பக்கம் பார்த்துவிட்டேன், நீயும் திற" என்று அது ஒரு சிக்னல் அனுப்பினால் போதும், இரண்டு முனையும் 100 மில்லி விநாடிக்குள் திறந்துவிடும். அனுப்புகிற சேதியின் அளவு ஒரே ஒரு ஆம் அல்லது இல்லை. அந்த ஒரு எழுத்து அரை விநாடி தாமதமாக வந்தால் வராமலே இருந்திருக்கலாம்.

துணைமின் நிலையத்துக்குள்ளேயே பேனலுக்குப் பேனல் பேசும் பேச்சு இதையும்விடக் கெடுபிடி. துணைமின் நிலையக் கருவிகள் பேசிக்கொள்வதற்கான ஐ.இ.சி. 61850 என்ற சர்வதேசத் தரத்தில் கூஸ் என்றொரு சேதி உண்டு. அவசர வகைக்கு 3 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். மாற்றுமின்னோட்டத்தின் ஒரு முழுச் சுற்றே 20 மில்லி விநாடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேதி கிடைத்ததா என்று பதில் எதிர்பார்ப்பதற்கும் நேரமில்லை. அதனால் ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கும், ஒன்று விழுந்தாலும் அடுத்தது போய்ச் சேரட்டும் என்று.

இதற்கு அடுத்த படியில் ஸ்காடா, நிலையங்களைத் தூரத்திலிருந்து கண்காணித்து இயக்குகிற கணினி முறை. வோல்டேஜ், ஆம்பியர், பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதெல்லாம் சில விநாடிக்கு ஒருமுறை மின்சுமைக் கட்டுப்பாட்டு மையமான லோட் டெஸ்பாட்ச் சென்டருக்குப் போகும். கடைசிப் படியில் வீட்டு மீட்டர். 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒரு கணக்கு. அது சாயங்காலம் வந்து சேர்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்று மில்லி விநாடிச் சேதியை மொபைல் டவரை நம்பி அனுப்ப முடியாது. ஒரு மீட்டரின் அரை மணிக் கணக்குக்காக வீட்டு வாசல் வரை ஃபைபர் இழுப்பதும் பைத்தியக்காரத்தனம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலை இருப்பது இதனால்தான்.

பி.எம்.யு. என்கிறார்களே, அது ஸ்காடாவிலிருந்து எப்படி வேறு?

பி.எம்.யு. என்பது ஃபேசர் மெஷர்மென்ட் யூனிட், ஒரு அளவீட்டுக் கருவி. ஸ்காடா ஒரு புகைப்பட ஆல்பம் என்றால், பி.எம்.யு. ஒரு சினிமா. அருண் ஃபாட்கே, ஜேம்ஸ் தார்ப் ஆகியோர் தலைமையில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் 1988-ல் உருவானது. விநாடிக்கு 25 அல்லது 50 முறை வோல்டேஜின் அளவோடு அதன் கோணத்தையும், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும், அளந்து அனுப்பும். ஒவ்வொரு அளவிலும் ஜி.பி.எஸ். நேரம் குத்தப்பட்டிருக்கும். அந்த நேர முத்திரைதான் விஷயமே. கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 50 ஹெர்ட்ஸில் கோணம் 0.018 பாகை பிசகும். ஜம்முவிலும் திருநெல்வேலியிலும் ஒரே நொடியில் எடுத்த கோணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான், கிரிட் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரியும்.

இதன் அருமை புரிய 2012-க்குப் போக வேண்டும். ஜூலை 30 பின்னிரவு 2.33-க்கு பினா–குவாலியர் 400 கே.வி. லைனில் சுமை தாங்க முடியாத அளவுக்குப் போனது. அந்தச் சுமையை ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிட்டது. அடுத்தடுத்து லைன்கள் விழுந்து வடக்குக் கிரிட்டே படுத்தது. மறுநாள் மதியம் 1 மணிக்கு வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருளில் மூழ்கின. 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நாம் தப்பித்தது கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. தெற்குக் கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் சேர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் மூலம் 2013 டிசம்பர் 31-ல் சேர்ந்தோம். அன்றிலிருந்து அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கும் நடுங்கும்.

2012-ல் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பி.எம்.யு.க்கள்தான் இருந்தன. விழுந்த வரிசையை விசாரணையில் விநாடிக் கணக்கில் மறுபடி அடுக்க அவை உதவின. அதற்குப் பிறகுதான் பெரிய திட்டம் போட்டு நாடெங்கும் நூற்றுக்கணக்கில் வைத்தார்கள்.

வீட்டு ஸ்மார்ட் மீட்டர் யாரிடம், எப்படிப் பேசும்?

மூன்று வழி. முதலாவது, மீட்டருக்குள்ளேயே ஒரு சிம். போன் மாதிரி நேராக டவரோடு பேசும். இரண்டாவது, மீட்டருக்கு மீட்டர் கைமாற்றிக்கொள்வது. உங்கள் மீட்டர் சொல்வதைப் பக்கத்து வீட்டு மீட்டர் வாங்கி, அது எதிர்வீட்டுக்குக் கொடுத்து, கடைசியில் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ உள்ள ஒரு பெட்டியில் போய்ச் சேரும். இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, உரிமம் வாங்கத் தேவையில்லாத அலைவரிசை இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கைமாற்றுவது போலத்தான். நடுவில் ஒருவர் எழுந்துபோனாலும் வாளி வேறு கை வழியாகச் சுற்றி வந்துவிடும். ஆனால் பந்தியில் ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கிற ஊரில் இது வேலைக்காகாது.

மூன்றாவது, நம் பழைய கேரியரின் தம்பி: மின்கம்பியிலேயே சேதி. இத்தாலியில் எனெல் நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலேயே இந்த வழியில் சுமார் 3 கோடி மீட்டர்களை மாட்டிவிட்டது. அங்கே ஓடியது இங்கே அப்படியே ஓடும் என்று சொல்ல மாட்டேன். நம் தெருக் கம்பியில் கையால் முறுக்கிய ஜாயிண்டுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு மலிவான எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் அதே கம்பியில் இரைச்சலைக் கொட்டுகின்றன.

சிம் வழி மாட்டுவதற்குச் சுலபம், அதனால் ஒப்பந்ததாரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. மீட்டர் பத்து வருடம் சுவரில் இருக்க வேண்டிய பொருள். மொபைல் வலை அதற்குள் ஒரு தலைமுறை மாறிவிடும். 2ஜியை நம்பி மாட்டியதை 2ஜி மூடும் நாளில் யார் காசில் கழற்றுவது?

எங்கள் வீட்டில் சிக்னலே கிடைக்காது. அப்போது பில் தாறுமாறாக வருமா?

வராது. அளப்பது வேறு, சொல்வது வேறு. சிக்னல் இல்லாவிட்டாலும் மீட்டர் அரை மணிக்கு அரை மணி கணக்கைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். எப்போது வழி கிடைக்கிறதோ அப்போது மொத்தமாக அனுப்பும். ஒரு நாள் முழுக்கச் சேரும் கணக்கு, நீங்கள் காலையில் அனுப்புகிற ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது. பல நாள் எட்டவே இல்லையென்றால் ஆள் வந்து கையடக்கக் கருவியால் எடுத்துப் போவார்கள். பில்லில் சந்தேகம் வந்தால் மீட்டர் திரையில் இருக்கிற யூனிட்டைப் பாருங்கள், சர்வரில் இருப்பதைவிட அதுதான் மூலம். வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிய காலத்துப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கரண்ட் போனதை, கரண்ட்டில் ஓடுகிற மீட்டர் எப்படிச் சொல்லும்?

நல்ல கேள்வி. உள்ளே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். சப்ளை அறுந்த பிறகு சில விநாடிக்கு அதில் உயிர் மிச்சமிருக்கும். அந்த இடைவெளியில் "எனக்குப் போய்விட்டது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அணைந்துவிடும். கடைசி மூச்சு என்றே பெயர். ஒரே தெருவில் பத்து மீட்டர் மூச்சு விட்டால் ஃபியூஸ், முந்நூறு விட்டால் டிரான்ஸ்ஃபார்மர் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தே ஊகிக்கலாம். ஆனால் முந்நூறும் ஒரே விநாடியில் கத்தினால் ஒன்றோடொன்று மோதிப் பாதி சேதி காணாமல் போகும். அதனால் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பேச வைப்பார்கள். எல்லாம் வந்து சேர வேண்டும் என்பதில்லை, சிலது வந்தாலே போதும்.

தூரத்திலிருந்து என் வீட்டுக் கரண்ட்டை நிறுத்த முடியும் என்பது உண்மையா?

உண்மை. வீட்டு ஸ்மார்ட் மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. பிரீபெய்டு முறைக்கு அது இல்லாமல் முடியாது. மின்விநியோகத்தைச் சீரமைக்க மத்திய அரசு 2021-ல் அறிவித்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தின் இலக்கு 25 கோடி பிரீபெய்டு மீட்டர். அதாவது 25 கோடி சுவிட்ச். அதை அழுத்தும் விரல் எங்கே இருக்கிறது, யார் அழுத்தலாம், ஒரே நேரத்தில் எத்தனை அழுத்தலாம் என்பதுதான் என்னைக் கேட்டால் முக்கியமான கேள்வி.

2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. கம்பி அறுந்ததா, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததா என்றால் எதுவும் இல்லை. ஸ்மார்ட் மீட்டர்களுக்குப் போன தவறான கட்டளை ஒன்றுதான் காரணம். பண்டிகை ராத்திரியில் வீட்டில் மட்டும் இருட்டு, தெருவிளக்கு எரிகிறது. இத்தனை மீட்டரை ஒரே கட்டளையில் அணைக்க முடியாதபடி ஒரு வரம்பு வைத்திருந்தால் நூறு வீட்டோடு நின்றிருக்கும்.

ஹேக் பண்ணிக் கிரிட்டையே விழவைக்க முடியுமா?

விழவைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் 23, உக்ரைன். மூன்று மின்விநியோக நிறுவனங்கள். பல மாதம் முன்பே ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு ஆபீஸ் கோப்பு போயிருந்தது. அதைத் திறந்த கணினிகள் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் அவசரப்படவே இல்லை. பாஸ்வேர்டுகளைச் சேகரித்தார்கள், எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்று பழகினார்கள். அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தவர்கள் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. சுமார் 30 துணைமின் நிலையங்கள், 2,25,000 வாடிக்கையாளர்கள்.

நான் இதில் மறுபடி மறுபடி யோசிக்கிற இடம் வேறு. பிரேக்கரைத் திறந்ததோடு அவர்கள் போயிருக்கலாம். போகவில்லை. துணைமின் நிலையங்களில் சேதியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள், தூரத்திலிருந்து மறுபடி மூட முடியாதபடி. கண்ட்ரோல் ரூம் யு.பி.எஸ்.ஸை அணைய வைத்தார்கள். புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து, கரண்ட் போனவர்கள் சொல்ல முடியாமல் செய்தார்கள். மூன்றுமே பேச்சைத் துண்டிக்கிற வேலை.

ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் திரும்பி வந்தது. எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். கையால் மூடத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள். ஆளில்லாத் துணைமின் நிலையம் என்று பெருமையாகத் திறப்பு விழா நடத்தும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இவ்வளவு வலை இருந்தும் லைன்மேன் ஏன் இன்னும் போனில் "எல்.சி. கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்?

அவர் உயிர் அதில் இருக்கிறது. எல்.சி. என்பது லைன் கிளியர். கம்பத்தில் ஏறப்போகிறவர் போனில் தன் பெயர், ஃபீடர் (நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் லைன்) பெயர், என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று சொல்வார். நிலையத்தில் இருப்பவர் அதையே வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லி, நேரத்தோடு ரெஜிஸ்டரில் எழுதுவார். பிரேக்கரைத் திறப்பார். அப்புறம் யார்டுக்கு நடந்துபோய், லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வைக்கிற ஐசொலேட்டரைத் திறந்து, மூன்று பிளேடும் விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். எர்த் போடுவார். கைப்பிடியில் "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" பலகையை மாட்டுவார். பிறகுதான் எல்.சி. எண். வாங்கியவரே திருப்பிக் கொடுக்கும் வரை லைனை சார்ஜ் பண்ணக் கூடாது. மேலதிகாரி போன் போட்டாலும் கூடாது.

ஸ்காடா திரையில் பிரேக்கர் பச்சையாக, அதாவது திறந்திருப்பதாகத் தெரிந்தால் போதாதா என்று ஒரு புதுப் பையன் கேட்டான். ஒருநாள் திரை திறந்திருப்பதாகக் காட்டிய ஐசொலேட்டரில் ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றதை அவனுக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். துணைத் தொடர்பு என்கிற சின்னச் சுவிட்ச் திரும்பிவிட்டது, பிளேடு திரும்பவில்லை. திரை பொய் சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கரண்ட் போனால் மொபைல் டவரும் போய்விடும். அப்புறம் எந்த வலையை வைத்துக் கரண்ட்டைத் திருப்பிக் கொண்டுவருவீர்கள்?

கோழியா முட்டையா கதைதான். 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் நட ஆட்கள் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தும், எந்த ஊரில் என்ன போனது என்று பேச டவர் இல்லை. 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒன்றாக இருண்டபோதும் இதே கதை. டவர்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தது.

அதனால்தான் பெரிய நிலையங்களின் கேரியர் அறையில் 48 வோல்ட் பேட்டரி வரிசை தனியாக இருக்கும். அந்த அறைக்குள் போனால் ஆசிட் வாடை மூக்கில் ஏறும். கிரிட்டே இல்லாத நேரத்திலும் போன் பேச வேண்டும், சிக்னல் போக வேண்டும் என்பதற்காக அந்த வாடையைச் சகித்துக்கொண்டோம். கிரிட் மொத்தமாக விழுந்தால் நீர்மின் நிலையம் ஒன்றைத் தானாகக் கிளப்பி, அங்கிருந்து ஒரு லைன், அடுத்து ஒரு நிலையம், கொஞ்சம் சுமை என்று படிப்படியாகக் கட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் பேசியாக வேண்டும். வாடகை மொபைல் வலை மலிவு என்று சொல்லி இந்த அறைகளை மூடினால், மிச்சம் பிடித்த காசு ஒரே இரவில் போய்விடும்.

ஸ்மார்ட் மீட்டரிலிருந்து கதிர்வீச்சு வருமாமே?

வரும். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் போனிலிருந்து வருவதும் அதே வகைதான். மீட்டர் நாளில் பெரும்பகுதி நேரம் வாயை மூடிக்கொண்டு, வாசல் சுவரில், உங்களிடமிருந்து சில அடி தள்ளி இருக்கிறது. போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் எப்போது தூங்குகிறோம், எப்போது ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்துவிடாதா?

தெரிந்துவிடும். அரை மணிக் கணக்கை ஒரு மாதம் பார்த்தால் கிரைண்டர் ஓடும் கிழமையைக்கூட நான் சொல்லிவிடுவேன். அந்தக் கணக்கு போகிற வழியில் பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகிறது. சர்வரில் போய்ச் சேர்ந்த பிறகு யார் பார்க்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்பதைத்தான் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் குறைவு.

என் தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறேன். அதுவும் ஸ்மார்ட் கிரிட்டா?

இந்தக் கேள்வியைக் கேட்ட என் மச்சானைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஒரு சிம், ஒரு கான்டாக்டர். வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும், கட்டம் ஒன்று போனால் உங்களுக்கு மெசேஜ் வரும். ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு வரப்பில் நடந்து பாம்பு மிதித்த காலத்தை முடித்து வைத்த பெட்டி அது. எந்த அரசுத் திட்டமும் இல்லாமல் கோவை, ஈரோடு பக்கத்து விவசாயிகள் தாங்களே கட்டிக்கொண்ட தகவல் வலை.

ஆனால் அது உங்களோடு மட்டும் பேசுகிறது, டிரான்ஸ்ஃபார்மரோடு பேசுவதில்லை. முறை வைத்து மும்முனை கரண்ட் விடுகிற ஊர்களில், சப்ளை வந்த அந்த விநாடியே ஆட்டோவில் போட்டு வைத்த இருபது மோட்டாரும் சேர்ந்து கிளம்பும். கிளம்பும்போது ஒரு மோட்டார் வழக்கமான கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். இருபதும் ஒன்றாக இழுத்தால் வோல்டேஜ் படுத்து, பாதி மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். காயில் புகைந்த பிறகு இ.பி.யைத் திட்டுவோம்.

நியூசிலாந்தில் 1950-களிலிருந்தே மின்கம்பி வழியாக ஒரு சிக்னல் அனுப்பி, வீடுகளின் வெந்நீர் ஹீட்டர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தியும் போட்டும் வருகிறார்கள். இணையமும் இல்லை, சிம்மும் இல்லை. நம் ஸ்டார்ட்டரும் அப்படி ஒரு சிக்னலைக் கேட்டு, ஒவ்வொரு மோட்டாரும் ஒரு நிமிடம் தள்ளி எழுந்தால் போதும். அதுவரைக்கும் மச்சானுக்கு நான் சொன்ன யோசனை, ஸ்டார்ட்டரில் இருக்கிற டிலே டைமரை மூன்று நிமிடத்துக்குத் திருப்பி வை என்பது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐந்து, அதற்கடுத்தவர் ஏழு. டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள். இந்தக் கோடையில் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் ஃபியூஸ் போகவில்லை.